பேஸ்பால் கேமில் நிஜத்தன்மையும் அணி நிர்வாகமும்: வேலூர் பக்கத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் பேஸ்பால் வீடியோ கேம் ஆடுகிறவர்கள் குறைவு. ஆனால் தொடங்கியவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

பேஸ்பால் விதியே சரியாகத் தெரியாது. ஆடலாமா?

தாராளமாக ஆடலாம். கிரிக்கெட் தெரிந்தவருக்கு ஒரு மாலை போதும். களத்தில் ஒன்பது பேர், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணியும் ஒருமுறை பேட் பிடிக்கும். மூன்று பேர் அவுட் ஆனதும் பக்கம் மாறும். அடிக்கத் தவறினாலும், அடிக்கத்தக்க இடத்தில் வந்த பந்தை விட்டுவிட்டாலும் ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் அவுட். நான்கு பந்து தவறாக வந்தால் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போய்விடலாம். நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன்.

கிரிக்கெட் பழக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே அவுட் ஆவது சகஜம். பத்து தடவையில் மூன்று தடவை ஹிட் (அவுட் ஆகாமல் பேஸுக்குப் போகவைக்கும் அடி) அடிப்பவர் நட்சத்திர ஆட்டக்காரர். முதல் நாளிலேயே "என்னால் அடிக்கவே முடியலையே" என்று கேமை மூடிவிடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் மூடுகிறார்கள்.

நிஜம்போல் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கிராபிக்ஸை வைத்தா?

கிராபிக்ஸ் முக்கியம்தான். ஸ்டேடியத்தின் புல்லும் ஆட்டக்காரரின் முகமும் அச்சு அசலாக இருந்தால் யாருக்குப் பிடிக்காது? ஆனால் ஒரு மாதம் ஆடிய பிறகு கண் அதற்குப் பழகிவிடும். அதற்கு மேலும் உங்களைப் பிடித்து வைப்பவை வேறு. நான் முதலில் பார்ப்பது, அந்த கேம் தோல்வியை ஒழுங்காகக் கொடுக்கிறதா என்பதைத்தான்.

அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் (எம்எல்பி) ஒரு அணி ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. 2001இல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டம் ஜெயித்தது. சரித்திரத்திலேயே அதற்கு மேல் யாரும் ஜெயித்ததில்லை. அப்படிப்பட்ட அணியும் 46 ஆட்டத்தில் தோற்றது. 2024இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. அந்த அணிகூட 41 ஆட்டம் ஜெயித்தது. நல்ல அணிக்கும் மோசமான அணிக்கும் நடுவே இருக்கிற தூரம் இவ்வளவுதான். உங்கள் கேமில் ஒரு அணி 150 ஆட்டம் ஜெயிக்கிறது என்றால், புல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அது பேஸ்பால் ஆகாது.

இரண்டாவது, களைப்பு. பந்து எறியும் பிட்சரின் கை சோர்வதும், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு முட்டி வலிப்பதும், காயம் பட்டவர் திரும்பி வர மாதக்கணக்கு ஆவதும் கேமில் இருக்க வேண்டும். மூன்றாவது, எதிரணி மானேஜர் யோசிக்கிறாரா என்பது. நீங்கள் இடக்கை பேட்டரை இறக்கும்போது அவர் பதிலுக்கு ஒன்றும் செய்யாமல் நின்றால் ஆட்டத்தில் பாதி செத்துப்போகிறது.

விதிகளும் காலத்தோடு மாற வேண்டும். 2023இல் மேஜர் லீக்கில் பிட்சருக்குக் கடிகாரம் வந்தது, குறித்த நொடிக்குள் அவர் எறிந்தாக வேண்டும். பேஸின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. அந்த ஒரே வருடத்தில் பேஸ் திருட்டு (பந்து அடிபடும் முன்பே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) 2,486இலிருந்து 3,503ஆக ஏறியது. பழைய விதியோடு ஓடும் கேமில் இன்றைய வேகமான ஓட்டக்காரருக்கு உரிய மதிப்பு கிடைக்காது.

எந்த கேமில் தொடங்கலாம்?

கையால் அடித்து, எறிந்து ஆட ஆசை என்றால் எம்எல்பி தி ஷோ. 2006இலிருந்து வருகிறது. வெகுநாள் பிளேஸ்டேஷனுக்கு மட்டும் வந்தது. 2021இல் எக்ஸ்பாக்ஸுக்கும் 2022இல் ஸ்விட்சுக்கும் வந்தது. பிசிக்கு இதுவரை வரவில்லை, அதனால் லேப்டாப் மட்டும் வைத்திருப்பவர் தேடி அலைய வேண்டாம்.

அணியை நடத்துவதுதான் ஆசை என்றால் அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால். ஓஓடிபி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மார்கஸ் ஹைன்சோத் என்ற ஜெர்மானியர் உருவாக்கி 1998இல் வெளிவந்தது. பேட்டைத் தொடவே வேண்டாம். யாரை ஆடவைப்பது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. 1871 முதல் எந்த வருடத்தில் வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி.

இரண்டும் கனமாகத் தெரிந்தால் சூப்பர் மெகா பேஸ்பால். பொம்மை முகம்தான், ஆனால் அடிக்கும் உணர்வு நன்றாக இருக்கும்.

என்னைக் கேட்டால் ஓஓடிபி. கணினி வருவதற்கு முன்பே பேஸ்பால் நிர்வாக விளையாட்டு இருந்தது. ஹால் ரிச்மன் 1961இல் அட்டையும் தாயக்கட்டையும் வைத்து ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் கொண்டுவந்தார். 1987இல் வந்த ஏர்ல் வீவர் பேஸ்பால் என்ற கணினி விளையாட்டில், நிஜ மானேஜர் வீவரின் யோசனைகளையே உள்ளே வைத்தார்கள். ஓஓடிபி அந்த வழியில் வந்தது.

என் லேப்டாப்பில் ஓடுமா? கரண்ட் போனால்?

ஓஓடிபிக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. கல்லூரிப் பிள்ளைகள் வைத்திருக்கிற சாதாரண லேப்டாப்பே போதும். 3டி காட்சியை அணைத்துவிட்டால் இன்னும் இலகு. பல வருடம் ஆடிய சீசன் என்றால் கோப்பு பெரிதாகும், அதற்கு மட்டும் டிஸ்க்கில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்து வேலூர் மதியத்தில் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ஆட்டங்களைக் கணினியே ஆடி முடிக்கும் நீண்ட சிமுலேஷன் ஓட்டாதீர்கள், சூடேறித் திணறும். டெஸ்க்டாப்பில் ஆடுகிறவர்கள் ஒரு யூபிஎஸ் வைத்துக்கொள்வது நல்லது. சேமிக்கும் நேரத்தில் கரண்ட் போய்க் கோப்பு கெட்டால் பத்து வருட லீக் ஒரு நொடியில் போய்விடும். வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

தி ஷோவில் பந்தே தெரிவதில்லை. எப்படி அடிப்பது?

பிட்சரிடமிருந்து பேட்டருக்கு 18.44 மீட்டர். கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர். இங்கே தூரமும் குறைவு, பந்து தரையில் பட்டு வேகம் குறைவதும் கிடையாது. 150 கிலோமீட்டர் வேகப் பந்து வந்து சேரச் சுமார் 0.4 நொடிதான். நிஜ பேட்டருக்கும் இதே கஷ்டம்தான்.

எல்லாப் பந்தையும் அடிக்கப் பார்க்காதீர்கள். முதல் ஸ்ட்ரைக் விழுகிறவரை ஒரே ஒரு இடத்தை, உள்பக்கம் உயரமாக என்று வைத்துக்கொள்ளுங்களேன், அதை மட்டும் எதிர்பார்த்து நில்லுங்கள். வேறு எங்கே வந்தாலும் விடுங்கள். நான்கு பந்து தவறினால் நடந்தே போகலாம் என்பதை மறக்க வேண்டாம். அடிக்கும் முறையில் சில வகை உண்டு. பந்து எங்கே வரும் என்று கன்ட்ரோலரின் குச்சியை நகர்த்திப் பிடிக்கும் ஸோன் முறைதான் கடினம், அதுதான் நிஜத்துக்கும் பக்கம். கொஞ்ச நாள், அடிக்கும் நேரத்தை மட்டும் பார்க்கும் டைமிங் முறையில் ஆடிவிட்டு அப்புறம் அதற்குப் போங்கள்.

இன்னொன்று, இங்கிருந்து அமெரிக்காவில் இருக்கிறவரோடு ஆன்லைனில் ஆடினால் பந்து கண்ணுக்குத் தெரிவதே தாமதமாகும். 0.4 நொடியில் அந்தத் தாமதம் பெரிய பங்கு. உங்கள் கை மெதுவென்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

நன்றாக அடித்தும் அவுட் ஆகிறது. கணினி ஏமாற்றுகிறதா?

இல்லை. களத்துக்குள் விழுகிற பந்துகளில் பத்துக்குச் சுமார் மூன்றுதான் ஹிட் ஆகும். மேஜர் லீக்கில் பல வருடமாக அப்படித்தான். மற்ற ஏழில் நன்றாக அடிபட்டு நேரே ஃபீல்டர் கைக்குப் போனவையும் இருக்கும். ஒரு வாரக் கணக்கை வைத்து ஒரு ஆட்டக்காரரை உட்கார வைக்காதீர்கள். எவ்வளவு தடவை நடந்து முதல் பேஸுக்குப் போகிறார், எவ்வளவு தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆகிறார் என்ற இரண்டையும் பாருங்கள். அவை சீக்கிரமே உண்மையைச் சொல்லிவிடும்.

பிட்சர்களை எப்படி மாற்றுவது? இதில்தான் எப்போதும் குழப்பம்.

அணி நிர்வாகத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

தொடக்கப் பிட்சர்கள் ஐந்து பேர். ஒருவர் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு, ஐந்தாம் நாள் மறுபடி எறிவார். சுமார் 100 பந்து ஆனதும் கை தளரும். அவருக்குப் பின்னால் புல்பென்னில், அதாவது மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடத்தில், ஏழு எட்டுப் பேர். அவர்கள் குறைவாகத்தான் எறிவார்கள், ஆனால் அடுத்தடுத்து இரண்டு நாள் எறிந்தவரை மூன்றாம் நாளும் இறக்கினால் பந்தின் வேகம் குறையும், குறி தவறும், காயமும் வரலாம். மேஜர் லீக் அணியில் மொத்தமே 26 பேர்தான். ஒருமுறை வெளியே எடுத்தவரை அந்த ஆட்டத்தில் திரும்ப இறக்க முடியாது. கிரிக்கெட்டில் ஒரு பவுலரை நிறுத்திவிட்டு அப்புறம் கூப்பிடுகிற மாதிரி இங்கே கூப்பிட வழியில்லை.

ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். எட்டாவது இன்னிங்ஸ். நீங்கள் 4–3 முன்னால். ஒருவர் அவுட். முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் எதிரணி ஆட்கள். உங்கள் தொடக்கப் பிட்சர் 97 பந்து எறிந்துவிட்டார். அடுத்து வருகிற மூன்று பேட்டர்கள் இடக்கை, வலக்கை, இடக்கை. பொதுவாக இடக்கை பேட்டருக்கு இடக்கை பிட்சர் கஷ்டம், ஏனென்றால் வளையும் பந்து அவரைவிட்டு விலகிப் போகும். உங்களிடம் நல்ல இடக்கை பிட்சர் ஒருவர் இருக்கிறார், ஆனால் நேற்றும் முந்தாநாளும் எறிந்துவிட்டார். வலக்கை பிட்சர் ஒருவர் ஓய்வாக இருக்கிறார்.

புதிதாக ஆடுகிறவர் யோசிக்காமல் இடக்கைக்காரரைக் கூப்பிடுவார். 2020இலிருந்து, இறங்குகிற பிட்சர் குறைந்தது மூன்று பேட்டருக்கு எறிய வேண்டும் அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஆக அந்தக் களைத்த கையோடு அவர் நடுவில் வலக்கை பேட்டருக்கும் எறிந்தாக வேண்டும். நானாக இருந்தால் வலக்கைக்காரரின் அட்டையைத் திறந்து, அவர் பந்தில் தரையோடு உருளும் அடி அதிகம் வருகிறதா என்று பார்ப்பேன். ஓஓடிபியில் அது தனியாகவே எழுதியிருக்கும். உருளும் பந்து ஒன்று வந்தால் டபுள் பிளே, இரண்டு பேரும் அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. பொருத்தம் சரியில்லை என்றாலும் ஓய்வான கை இருக்கிறது, நமக்குத் தேவையான மாதிரி பந்தும் இருக்கிறது. அவரைத்தான் இறக்குவேன்.

அவர் அடி வாங்கவும் வாங்கலாம். முடிவு சரியாக இருந்தும் ஆட்டம் போகும். அதற்காக அடுத்த ஆட்டத்தில் முறையை மாற்றாதீர்கள். 162 ஆட்டத்தில் சரியான முடிவுகள் கூடிக்கூடித்தான் பலன் தரும்.

டிரேடில் (அணிகளுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதில்) கணினியை ஏய்த்து நல்ல ஆட்டக்காரர்களை வாங்கிவிடலாமே?

வாங்கிவிடலாம். அப்புறம் ஆட்டத்தில் சுவை இருக்காது. மூன்று சுமாரான ஆட்டக்காரரைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்குவது பல கேமில் நடக்கும். நிஜத்தில் எந்த அணி அதற்குச் சம்மதிக்கும்? ஓஓடிபியில் டிரேடு கடினத்தைக் கூட்டும் அமைப்பு இருக்கிறது, அதை முதலிலேயே மேலே ஏற்றிவிடுங்கள். "இரண்டு பேருக்கு மேல் கொடுத்து ஒருவரை வாங்க மாட்டேன்" என்று உங்களுக்கென்று ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளக் கணக்கு தலைசுற்றுகிறது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மேஜர் லீக்கில் சம்பளத்துக்குக் கறாரான உச்சவரம்பு கிடையாது. ஒரு எல்லையைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2025இல் அந்த எல்லை 24.1 கோடி டாலர். புதிதாக வரும் ஆட்டக்காரர் ஆறு வருடம் அதே அணியின் கட்டுப்பாட்டில் இருப்பார். முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான், 2025இல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று வருடம் நடுவர் மூலம் கூடுதல் கேட்கலாம். ஆறு முடிந்ததும் யாரோடு வேண்டுமானாலும் போகலாம்.

இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது. நன்றாக ஆடும் இளைஞர்தான் அணியின் பெரிய சொத்து, ஏனென்றால் ஆட்டம் பெரிது, சம்பளம் சிறிது. 32 வயதில் ஒருவருக்கு ஏழு வருட ஒப்பந்தம் எழுதினால் கடைசி மூன்று நான்கு வருடம் வயதான காலுக்குத்தான் பணம் கட்டுவீர்கள்.

இளம் ஆட்டக்காரர்களை எப்படி மதிப்பிடுவது?

திறமையைத் தேடிப் பார்த்து மதிப்பிடும் ஸ்கவுட்கள் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஓஓடிபியிலும் அதே அளவுகோல் உண்டு. ஆனால் ஸ்கவுட் சொல்வது ஒரு அபிப்பிராயம்தான், தவறாகவும் போகலாம். அமைப்பில் ஸ்கவுட்டின் துல்லியத்தை "நார்மல்" என்று வையுங்கள், மிக உயர்வாக வைக்காதீர்கள். எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் இளைஞர் ஒருவர் வளர்வதைப் பார்க்கும் ஆவல் எங்கிருந்து வரும்?

குணத்தையும் பாருங்கள். உழைப்பு, விசுவாசம், பேராசை, தலைமை என்று தனித்தனியாக இருக்கும். திறமை ஒன்றுபோல இருக்கும் இருவரில் உழைப்பு அதிகமுள்ளவரை எடுங்கள். 20 வயதுப் பையனை அவசரப்பட்டு மேலே ஏற்ற வேண்டாம். மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கில் அந்தந்தப் படியில் நன்றாக ஆடிய பிறகு ஏற்றினால் போதும்.

162 ஆட்டத்தையும் ஆட வேண்டுமா?

வேண்டாம். தி ஷோவில் வாரம் ஒரு தொடரை ஆடிவிட்டு மற்றதை சிமுலேட் செய்யுங்கள். ஓஓடிபியில் ஒரு வாரம் ஓட்டி, நின்று, காயப்பட்டியலைப் பார்த்து, மறுபடி ஓட்டுங்கள்.

எப்போதும் 12–1 என்று ஜெயிக்கிறேன். என்ன மாற்றுவது?

முதலில் கடினத்தை ஏற்றுங்கள். தி ஷோவில் நீங்கள் ஆட ஆட ஏறி இறங்கும் டைனமிக் அமைப்பு இருக்கிறது, ஆரம்பத்துக்கு நல்லது. அப்புறம் ஸ்லைடர்கள், அதாவது ஆட்டத்தின் ஒவ்வொரு அம்சத்தையும் கூட்டிக் குறைக்கும் அமைப்புகள். ஒரே நாளில் ஐந்து ஸ்லைடரை மாற்றினால் எதனால் என்ன மாறியது என்று தெரியாது. ஒன்றை ஒரு படி நகர்த்தி, பத்து ஆட்டம் ஆடி, ஸ்கோர் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு அணி ஆட்டத்துக்கு நான்கைந்து ரன் எடுத்தால் நிஜத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.

என் பையன் கார்டு வாங்கப் பணம் கேட்கிறான். கொடுக்கலாமா?

சத்துவாச்சாரியில் ஒரு அம்மா கேட்டது இது. தி ஷோவில் டைமண்ட் டைனஸ்டி, ஓஓடிபியில் பெர்ஃபெக்ட் டீம் என்ற பகுதிகளில் ஆட்டக்காரர் கார்டு பாக்கெட் வாங்கலாம். உள்ளே யார் இருப்பார் என்று பிரித்த பிறகுதான் தெரியும். கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் உறுதியான பதில். அடுத்த பதிப்பு வந்ததும் அந்தக் கார்டுகளின் மவுசு போய்விடும். அணி நிர்வாகத்தைக் கற்றுக்கொள்ள அந்தப் பகுதியே தேவையில்லை. சீசன் ஆடும் பகுதியில் எல்லாம் இருக்கிறது. போனில் உங்கள் வங்கிக் கார்டு விவரம் சேமித்திருந்தால் எடுத்துவிடுங்கள் அம்மா.

நம் ஊர்ப் பெயரிலேயே லீக் அமைக்க முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஓஓடிபியில் கற்பனை லீக் என்று தேர்ந்தெடுத்து அணி, ஊர், மைதானம் எல்லாவற்றையும் நீங்களே போடலாம். 1989இல் பிரிவதற்கு முன்பிருந்த பழைய வட ஆற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாலாறு பிரிவில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு. செய்யாறு பிரிவில் செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு. ஆரணி கமண்டல நாகநதிக் கரைதான், ஆனாலும் இந்தப் பிரிவுக்குத்தான் பொருந்தும். எட்டு அணி இருந்தால் அட்டவணை அழகாக அமையும்.

மைதானம் போடும்போது கொஞ்சம் மெனக்கெடுங்கள். ஒவ்வொரு மைதானத்துக்கும் ஹோம் ரன் (வேலி தாண்டும் அடி), டபுள், டிரிபிள் (இரண்டாம், மூன்றாம் பேஸ் வரை போகவைக்கும் அடிகள்) எல்லாவற்றுக்கும் ஒரு எண் கொடுக்கலாம், 1.000 என்றால் சராசரி. வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது, பந்து கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும். வேலூருக்கு ஹோம் ரன் எண்ணைச் சற்றே ஏற்றலாம். உயரம் அதைவிடப் பெரிய விஷயம். சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிற டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில் பந்து எகிறிப் பறப்பது உலகத்துக்கே தெரியும். நம்மிடம் 1,000 மீட்டருக்கு மேல் ஏலகிரி இருக்கிறதே! வாணியம்பாடி அணியின் மைதானத்தை அங்கே வைத்து 1.150 கொடுத்துப் பாருங்கள். அந்த அணிக்குத் தரையோடு உருளவைக்கும் பிட்சர்களைத் தேட வேண்டிவரும். வேறு அணியில் யாரும் சீண்டாத ஒருவர் அங்கே ராஜாவாகிவிடுவார். மைதானம் அணியின் குணத்தையே மாற்றுவதை இப்படி ஒருமுறை செய்து பார்த்தால் புரிந்துவிடும்.

நண்பர்கள் சேர்ந்து ஆட எல்லோரும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருக்க வேண்டுமா?

தேவையில்லை. ஓஓடிபி லீக்கில் ஒருவர் கமிஷனர். மற்றவர்கள் தங்கள் அணியின் மாற்றங்களைச் செய்து கோப்பை ஏற்றிவிடுவார்கள். குறித்த நேரத்தில் கமிஷனர் ஒரு வாரத்து ஆட்டங்களை ஓட்டிப் புதிய கோப்பை எல்லோருக்கும் கொடுப்பார். ஆம்பூரில் ஷிப்ட் வேலை பார்ப்பவரும், காட்பாடியில் தேர்வுக்குப் படிப்பவரும் ஒரே லீக்கில் இருக்கலாம். கமிஷனராக இருப்பவர் நேரம் தவறாதவராக இருக்க வேண்டும். இரண்டு வாரம் தாமதமானால் ஆட்கள் கழன்றுகொள்வார்கள்.

நிஜ ஆட்டங்களை நம் நேரத்தில் எப்போது பார்க்கலாம்?

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நியூயார்க்கில் இரவு 7 மணி என்றால் நமக்கு விடிகாலை 4:30. லாஸ் ஏஞ்சல்ஸில் 7 மணி என்றால் நமக்குக் காலை 7:30. வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டங்கள்தான் வசதி. அங்கே பகல் 1 மணி, இங்கே ஞாயிறு இரவு 10:30. முழு ஆட்டமும் பார்க்க முடியாவிட்டால் ஏழாவது இன்னிங்ஸிலிருந்து பாருங்கள். மானேஜர் எந்தப் பேட்டருக்கு முன்னால் பிட்சரை மாற்றுகிறார், புல்பென்னில் யார் எழுந்து கை சூடாக்குகிறார் என்று கவனியுங்கள். அடுத்த நாள் அதே சூழ்நிலையை உங்கள் கேமில் வைத்து, அவர் செய்ததற்கு மாறாகச் செய்தால் என்ன ஆகிறது என்று ஓட்டிப் பாருங்கள்.